எழுபத்தொன்றாம் எண் விடைபெறுகிறது

அத்தியாயம் 17

உறையைக் கடைசியில் லெயார்கோ பிரித்துவிட்டான்.

மூன்று நாளாக அவனுடைய டயர் கடையின் மேசை இழுப்பறையில் கிடந்தது அது. அனுப்பியவன் இலாரியோ ஸோஃபோலி. பதினோரு வருடத்துக்கு முன்னால், இரண்டு பேருக்கும் பத்தொன்பது வயதாக இருந்தபோது, இளையோர் பைக் பந்தயம் ஒன்றில் அவர்கள் வண்டிகள் மோதிக்கொண்டன. இலாரியோ எழுந்து நடந்தான். லெயார்கோவுக்கு வலது கால் முழங்காலுக்குக் கீழே போயிற்று. அதற்குப் பிறகு இருவரும் ஒரு வார்த்தை பேசியதில்லை.

உறைக்குள் ஞாயிற்றுக்கிழமைப் பந்தயத்துக்கான ஒரு அனுமதிச் சீட்டு. எட்டாம் வளைவு, புல்மேடு. கூடவே ஒரு துண்டுக் காகிதம்.

'இதோட இங்க முடிஞ்சுது. வா.'

அவ்வளவுதான் எழுதியிருந்தான்.

மோந்தெசால்வோவில் அந்த வாரம் வேறு பேச்சே இல்லை. பத்து ஆண்டு உலகப் பந்தயத்தில் ஓடிய எங்கள் ஊர்ப் பையன், அடுத்த வருடத்திலிருந்து சூப்பர்பைக் தொடருக்குப் போகிறான். கடையில் விற்கிற வண்டியைச் சீர்செய்து ஓட்டுகிற தொடர் அது. அதுவும் பெரிய பந்தயம்தான். ஆனால் அதன் அட்டவணையில் எங்கள் கடற்கரை ட்ராக் இல்லை. சொந்த மண்ணில் அவனுடைய எழுபத்தொன்றாம் எண் வண்டியைப் பார்ப்பது இந்த ஞாயிறே கடைசி.

இத்தனைக்கும் பத்து வருடத்தில் அவன் ஜெயித்தது ஒரே ஒரு பந்தயம். ஆனால் போட்டியாளன் ஒருவன் கீழே விழுந்து வண்டிக்கடியில் மாட்டியபோது, தன் வண்டியை நிறுத்திவிட்டு ஓடிப்போய்த் தூக்கியவன் அவன்தான். ஒரு கிறிஸ்துமஸ் முன்தினம் ஓரியானோவின் பஸ்ஸில் ஏறி, நாள் முழுக்கச் சீட்டுக் கிழித்து, கிழவிகளின் பைகளை இறக்கிக் கொடுத்தான். இப்படிப்பட்டவனை ஜெயித்தால்தான் பிடிக்கும் என்று யார் சொல்வார்கள்?

ஓரியானோ செம்ப்ரீனி. ரிமினி போகிற பஸ்ஸின் ஓட்டுநர், இலாரியோ ரசிகர் மன்றத்தின் தலைவர். லெயார்கோவின் அப்பாவும் அவர்தான்.

மகன் காலை எடுத்தவனுக்கு அப்பன் கொடி பிடிக்கிறான். ஊர் இதைப் பதினோரு வருடமாக மென்றுகொண்டிருக்கிறது. வீட்டில் அவர் மனைவி ஆர்தேயா மெல்லவும் முடியாமல் துப்பவும் முடியாமல் இருக்கிறாள்.

ஞாயிறு காலை ஒன்பது மணிக்கே ஓரியானோவும் மகள் நீவெஸும் கிளம்பிவிட்டார்கள். ரிமினி ஆஸ்பத்திரியில் பிசியோதெரபிஸ்ட் வேலை பார்க்கும் நீவெஸ், பந்தய நாட்களில் ட்ராக்கில் கொடி காட்டும் தொண்டர். நாலு வருடமாக அவளுக்கு அதே எட்டாம் வளைவு.

பதினொரு மணிக்கு லெயார்கோ மாடியிலிருந்து இறங்கினான். ஆர்தேயா பியாதினா ரொட்டிக்கு மாவு தேய்த்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"எங்கடா கிளம்பிட்ட?"

"கடைக்கும்மா."

"ஞாயித்துக்கிழமையா?"

"ஒரு டயர் பாக்கி இருக்கு."

"புது ஷூ போட்டுக்கிட்டு டயர் மாட்டப் போறியா?"

லெயார்கோ வாசலிலேயே நின்றான். அவள் உருட்டுக்கட்டையைக் கீழே வைத்தாள்.

"உங்க அப்பா போறார், விட்டுட்டேன். உன் தங்கச்சி போறா, அதையும் விட்டுட்டேன். நீயுமாடா?"

"ஒரு தடவை பாத்துட்டு வந்துடறேம்மா."

"அந்தப் பாவியையா?"

லெயார்கோ ஏதோ சொல்ல வாயெடுத்தான். பிறகு மூடிக்கொண்டான். பதினோரு வருடமாக அந்த ஒரு சொல்லுக்கு முன்னால் அவன் செய்வது இதுதான்.

*

எட்டாம் வளைவுப் புல்மேட்டில் தரையே தெரியவில்லை.

முப்பதாயிரம் பேர் இருப்பார்கள். மிலானிலிருந்தும் நேப்பிள்ஸிலிருந்தும் பைக்கிலேயே வந்தவர்கள், வெயிலில் ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். எங்கு திரும்பினாலும் பச்சைத் தொப்பி, பச்சைச் சட்டை. இலாரியோவின் நிறம் அது. வேலியோரத்தில் எழுபத்தொரு மீட்டர் நீளத்துக்குப் பச்சைத் துணி. அதன் முனையைப் பிடித்தபடி ஓரியானோ தொண்டை கட்டிப்போய்க் கத்திக்கொண்டிருந்தார்.

"குவால்தியேரோ! பச்சைப் புகைக்குப்பியை இப்பவே திறக்காதய்யா! கடைசிச் சுத்துக்கு!"

ரொட்டிக் கடைக்காரர் குவால்தியேரோவின் கழுத்தில் பெரிய முரசு தொங்கியது. "தலைவரே, போன வருஷமும் இப்படித்தான் சொன்னீங்க. கடைசிச் சுத்து வந்துச்சு, தீப்பெட்டி வரலை."

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். ஓரியானோவும் சிரித்தார். குவால்தியேரோ துணியின் அதே முனையைத் தானும் பிடித்துக்கொண்டார்.

லெயார்கோ வந்தது ஓரியானோவுக்குத் தெரியாது. மேட்டின் உச்சியில், குளிர்பானக் கடைக்குப் பக்கத்தில், யார் கண்ணிலும் படாமல் அவன் நின்றிருந்தான். ட்ராக்குக்கு அவன் வந்து பதினோரு வருடம் ஆகிறது. டயரும் பெட்ரோலும் சேர்ந்து எரிகிற வாசனை மூக்கில் ஏறியதும் இல்லாத வலது பாதத்தில் விரல்கள் மடங்குவதுபோல இருந்தது.

இரண்டு மணிக்குப் பந்தயம் ஆரம்பித்தது.

இலாரியோ பதினான்காவதாகக் கிளம்பி, ஒவ்வொருவராகத் தாண்டி ஒன்பதாவதுக்கு வந்தான். அதற்குமேல் வண்டியில் வலு இல்லை. ஒன்பதாவதாக ஓடுகிறவனுக்கு உலகத்தில் எங்கே இப்படிக் கத்துவார்கள்? ஒவ்வொரு சுற்றிலும் அவன் எட்டாம் வளைவுக்குள் சாய்ந்து முழங்காலைத் தரையில் உரசும்போது மேடு முழுவதும் எழுந்து நின்றது. முரசும் ஊதுகுழலும் சேர்ந்து அடித்ததில் கீழே கொடியோடு நின்ற நீவெஸின் நெஞ்சுக்கூடு அதிர்ந்தது.

கடைசிச் சுற்று.

முன்னால் போகும் வண்டிகள் ஒவ்வொன்றாக வளைவைத் தாண்டின. குவால்தியேரோ முரசுக் கோலை ஓங்கினார். தீப்பெட்டியும் தயாராக இருந்தது. தூரத்தில், பச்சை வண்டி நேர்ப்பாதையின் முனையில் தெரிந்தது. அதற்குப் பின்னால் வெகுதூரத்துக்கு வேறு வண்டி இல்லை.

அப்போதுதான் அது நடந்தது. யாரும் பேசிவைத்துக்கொண்டது இல்லை. யாரும் கையைக் காட்டவும் இல்லை.

முரசு அடிக்கவில்லை. ஊதுகுழல்கள் உதட்டுக்குப் போய் அப்படியே நின்றன. முப்பதாயிரம் பேர் மூச்சுவிடாமல் நின்றார்கள். கொடிகள் காற்றில் படபடப்பதுகூடக் கேட்டது. அந்த அமைதிக்குள் ஒரே ஒரு எஞ்சினின் சத்தம் வந்தது. வளைவுக்குமுன் கியர் ஒவ்வொன்றாக இறங்குவது, வண்டி சாயும்போது சத்தம் அடங்குவது, நிமிரும்போது மறுபடி எழுவது எல்லாம் துல்லியமாகக் கேட்டது. இனி இந்த மேட்டில் கேட்காத சத்தம் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. தூரத்துக் கடைசி வளைவில் அது தேய்ந்து மறையும்வரை ஒருவரும் அசையவில்லை.

நாலு வருடமாக இங்கே நிற்கும் நீவெஸ் இப்படி ஓர் அமைதியைக் கேட்டதில்லை. கொடியை ஊன்றிப் பிடித்துக்கொண்டாள்.

ஓரியானோ திரும்பிப் பார்த்தார். பின்னால் குவால்தியேரோ முரசின்மேல் கவிழ்ந்து குலுங்கிக்கொண்டிருந்தார். புகைக்குப்பி திறக்கப்படவே இல்லை.

*

பந்தயம் முடிந்ததும் எல்லா வண்டிகளும் ஒரு சுற்று மெதுவாக வரும். எல்லோரும் போன பிறகு, கடைசியாக, தனியாக வந்தான் இலாரியோ. எட்டாம் வளைவில் வேகம் குறைந்தது. ஓரம் கட்டினான். எஞ்சினை அணைத்தான். நேராக நீவெஸிடம் உருட்டிக்கொண்டு வந்தான்.

"பிடி நீவெஸ்."

"நிறுத்தக் கூடாது இலாரியோ. தெரியுமில்ல?"

"தெரியும். உங்க அண்ணன் வந்திருக்கானா?"

அவள் பதில் சொல்வதற்குள் அவன் ஹெல்மெட்டைக் கழற்றியிருந்தான். வேர்வையில் முடி நெற்றியோடு ஒட்டியிருந்தது. கண்கள் மேட்டைத் துழாவின. நீவெஸும் நிமிர்ந்து பார்த்தாள். உச்சியில், கடைக் குடைக்குக் கீழே, அண்ணன்! அவன் வருவான் என்று அவளும் நினைக்கவில்லை.

வண்டியைப் பக்கத்துத் தொண்டரிடம் கொடுத்தாள். வேலிக்கதவின் சாவி அவள் இடுப்பில் இருந்தது. விபத்து நேர்ந்தால் மட்டுமே திறக்க வேண்டிய கதவு.

அவள் திறந்தாள்.

இலாரியோ மேடேறினான். கூட்டம் அவன்மேல் பாயும் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். பாயவில்லை. அவன் யாரையோ தேடி வருகிறான் என்பது எப்படியோ அத்தனை பேருக்கும் புரிந்துவிட்டது. உட்கார்ந்தவர்கள் காலை மடக்கிக்கொண்டார்கள். நின்றவர்கள் பக்கவாட்டில் ஒதுங்கினார்கள். ஒரு ஆள் அகலத்துக்குப் பாதை திறந்துகொண்டே போயிற்று. ஓரியானோவைத் தாண்டும்போது இலாரியோ அவர் தோளைத் தொட்டான். "ஒரு நிமிஷம் மாமா" என்று மட்டும் சொன்னான். ஓரியானோவின் பார்வை அவன் பின்னாலேயே போய், உச்சியில் நின்ற மகனின் மேல் விழுந்தது. துணி அவர் கையிலிருந்து நழுவியது.

இரண்டு பேரும் எதிரெதிரே நின்றார்கள்.

"வந்துட்டியா?" என்றான் இலாரியோ.

"டயர் எப்படித் தேய்ஞ்சிருக்குன்னு பாக்க வந்தேன்."

"பின் டயர் பன்னெண்டாவது சுத்துல போயிடுச்சுடா."

"எட்டாவதுலயே போயிடுச்சு. வளைவுலேருந்து வெளிய வரப்ப அவசரப்பட்டு ஆக்ஸிலரேட்டரை முறுக்குற. அன்னிலேருந்து அதே தப்பு."

இலாரியோ சிரித்தான். சிரிப்பு பாதியில் அழுகையாகத் திரும்பியது. கையுறையால் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

"பாதிச் சுத்து பாக்கி இருக்கு. என்கூட வா. ஏறு."

"உன் பின்னாடியா? நானா?"

"அப்ப நீ ஓட்டு."

லெயார்கோ முகத்திலிருந்த கிண்டல் போய்விட்டது. "விளையாடாத. என் கால்..."

"கியர் இடது காலு. பிரேக் கையில. வலது காலைச் சும்மா வச்சிருந்தாப் போதும். நாலு நாளா இதைத்தான் யோசிச்சிட்டிருக்கேன்."

பக்கத்தில் நின்ற ஒரு பெண் தன் ஹெல்மெட்டை நீட்டினாள். சின்னதாக இருந்தது. பின்னாலிருந்து இன்னொருவர் கொடுத்தார், அது பெரியது. செய்தி மேடெங்கும் பரவிவிட்டது. தலைகளுக்கு மேலாக, கைமாறிக் கைமாறி, நாலா பக்கமிருந்தும் ஹெல்மெட்டுகள் வர ஆரம்பித்தன. கறுப்பு, சிவப்பு, கீறல் விழுந்தது, குழந்தைகள் படம் ஒட்டியது. ஐம்பதோ அறுபதோ இருக்கும். லெயார்கோ அவற்றைப் பார்த்தபடி நின்றான். ஒன்றை எடுத்துத் தலையில் மாட்டினான். அது பொருந்தியது.

கீழே வந்து வண்டியில் ஏறி உட்கார்ந்து, ஹேண்டிலைப் பிடித்தான். செயற்கைப் பாதத்தை இலாரியோ குனிந்து தூக்கி மிதியில் பொருத்தினான். அவ்வளவு பேர் பார்க்க, உலகப் பந்தய வீரன் ஒருவன் மண்டியிட்டு அதைச் செய்தான்.

"பந்தய வண்டி. முதல் கியர் மேல, மத்ததெல்லாம் கீழ. ஞாபகம் இருக்கா?"

"தள்ளுடா, பேசாம."

அந்த வண்டிக்குத் தானாகக் கிளம்பும் பொத்தான் கிடையாது. தள்ளித்தான் எஞ்சினை எழுப்ப வேண்டும். நீவெஸும் இரண்டு தொண்டர்களும் இலாரியோவும் சேர்ந்து தள்ளினார்கள். பத்து அடி. இருபது அடி. லெயார்கோ கிளட்சை விட்டான். வண்டி ஒரு குலுக்குக் குலுக்கிவிட்டு உறுமியது. இலாரியோ ஓடிப்போய்ப் பின்னால் தொற்றிக்கொண்டான். உட்கார இடமே இல்லாத அந்தக் கூர்வாலில், நண்பனின் இடுப்பை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டான்.

நீவெஸின் தோளில் வாக்கிடாக்கி அலறியது. கட்டுப்பாட்டு அறைத் தலைவரின் குரல்.

"எட்டாம் வளைவு! எழுபத்தொண்ணை ஓட்டுறது யாரு?"

"எட்டாம் வளைவு, பாதை சுத்தமா இருக்கு சார்."

"பாதையை யார் கேட்டா? ஓட்டுறது யாருன்னு கேட்டேன்!"

நீவெஸ் மூச்சு வாங்கினாள். வண்டி அடுத்த வளைவை நெருங்கிக்கொண்டிருந்தது. நிதானமாக, அழகாக, சொட்டுத் தயக்கமில்லாமல் அது சாய்ந்தது. அந்தச் சாய்வை அவள் பதினெட்டு வயதில் கடைசியாகப் பார்த்தது.

"லெயார்கோ செம்ப்ரீனி சார். என் அண்ணன்."

தலைவரின் குரல் இறங்கியது.

"முடிஞ்சதும் உன் அடையாள அட்டையை எடுத்துக்கிட்டு ஆபீசுக்கு வா."

"சரி சார்."

அவள் வாக்கிடாக்கியை இறக்கினாள். அப்போதுதான் மேடு வெடித்தது. அதுவரை அடக்கிவைத்திருந்த அத்தனை சத்தமும் ஒன்றாக எழுந்தது. முரசு, ஊதுகுழல், முப்பதாயிரம் தொண்டைகள்! கடற்கரையில் குடை போட்டுப் படுத்திருந்தவர்கள் எழுந்து உட்கார்ந்தார்களாம். ஓரியானோ மட்டும் கத்தவில்லை. வேலிக் கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டு, வண்டி போன திசையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

*

மாலை ஐந்தரைக்கு அப்பாவும் மகனும் காரில் திரும்பிக்கொண்டிருந்தார்கள். நீவெஸ் இன்னும் அந்த ஆபீசில் இருந்தாள். "நீங்க போங்க, நான் சமாளிச்சுக்கறேன்" என்று செய்தி அனுப்பியிருந்தாள்.

திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே வண்டி ஏறிக்கொண்டிருந்தது. லெயார்கோதான் ஆரம்பித்தான்.

"அப்பா, ஒண்ணு சொல்லணும்."

"சொல்லு."

"அன்னிக்கு அவன் மேல தப்பில்லை."

ஓரியானோ ரோட்டைப் பார்த்தபடி ஓட்டினார்.

"இடமே இல்லாத இடத்துல நான்தான் வண்டியை உள்ள விட்டேன். பிரேக்கைத் தாமதமாப் பிடிச்சேன். அவன் மேல இடிச்சது நான். விசாரிச்சவங்ககிட்ட அவன், 'என் கண்ணுக்குத் தெரியலை, என் தப்பாத்தான் இருக்கும்'னு சொல்லிட்டான். நான் மயக்கத்துல இருந்தேன். எழுந்தப்ப அம்மா பக்கத்துல உக்காந்து, அந்தப் பாவின்னு அழுதுட்டிருந்தா. ஒரு நாள் போகட்டும், அப்பறம் சொல்லலாம்னு இருந்தேன். நாளாக ஆக..."



"தெரியும்டா" என்றார் ஓரியானோ.

"என்ன தெரியும்?"

"நான் அந்த வளைவுலதான நின்னுட்டிருந்தேன்."

லெயார்கோ திரும்பி அப்பாவைப் பார்த்தான். இவ்வளவு பக்கத்தில் அவர் முகத்தைப் பார்த்து எத்தனை காலமாயிற்று! தாடி நரைத்துவிட்டிருந்தது.

"எல்லாத்தையும் பாத்தீங்களா? அப்பறம் ஏம்ப்பா என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கலை?"

"கால் போய்ப் படுத்திருக்க. உன்கிட்ட வந்து, தப்பு உன்னுதுதான்டான்னு சொல்லச் சொல்றியா?" ஓரியானோ கியரை மாற்றினார். "இன்னொரு பக்கம் அந்தப் பையன். ஊரே அவன் வீட்டுச் சுவத்துல கொலைகாரன்னு எழுதுச்சு. பத்தொம்பது வயசு. ஒருத்தன்கூட அவன் பக்கம் நிக்கலை. ரெண்டு பேருக்கும் நான் என்ன பண்றது? உனக்கு வாயை மூடிக்கிட்டேன். அவனுக்குக் கொடி பிடிச்சேன்."

லெயார்கோ முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டான். தோள்கள் குலுங்கின. ஓரியானோ ஒரு கையை ஸ்டீரிங்கிலிருந்து எடுத்து, மகனின் பிடரியில் வைத்தார். வீடு வரும்வரை எடுக்கவில்லை.

வீட்டுக் கதவு திறந்தே கிடந்தது. டிவி ஓடிக்கொண்டிருந்தது. திரையில், லெயார்கோ ஓட்ட, இலாரியோ பின்னால் உட்கார்ந்து வரும் காட்சியை மறுபடி மறுபடி காட்டிக்கொண்டிருந்தார்கள். அடுப்பின் மேல் மாவு காய்ந்து வெடித்திருந்தது.

"ஆர்தேயா!"

பதில் இல்லை. அவளுடைய நீலக் காரும் இல்லை. எதிர்வீட்டுக்காரி ஜன்னலைத் திறந்தாள்.

"ரெண்டு மணி நேரமாச்சு ஓரியானோ, அவங்க கிளம்பி. ஏப்ரனைக்கூட அவுக்கலை. கோயில் பின்பக்கத் தெருவுக்குத் திரும்பினாங்க."

கோயிலின் பின்பக்கத் தெருவில் இருப்பது ஒரே ஒரு தெரிந்த வீடு. இலாரியோவின் அம்மா வெர்டியானாவின் வீடு. பள்ளிக்கூடச் சமையலறையில் அவளும் ஆர்தேயாவும் பக்கத்துப் பக்கத்து அடுப்பில் பதினாறு வருடம் வேலை பார்த்தவர்கள். விபத்து நடந்த மறுமாதமே ஆர்தேயா வேறு பள்ளிக்கு மாற்றிக்கொண்டு போய்விட்டாள்.

நீலக் கார் அந்த வாசலில்தான் நின்றிருந்தது. ஜன்னல்கள் சாத்தியிருந்தன. உள்ளே சத்தமே இல்லை. சண்டை என்றால்கூட ஏதாவது கேட்டிருக்கும்.

ஓரியானோ காரிலிருந்து இறங்கப் போனார். "நீ இரு. நான் சொல்லிக்கறேன் அவகிட்ட."

"வேண்டாம்ப்பா. நான்தான் சொல்லணும்."

லெயார்கோ படிகளை ஏறினான். மணியை அழுத்தினான்.

கதவைத் திறந்தது வெர்டியானா இல்லை. ஆர்தேயா. ஏப்ரனில் மாவு அப்பியிருந்தது. கண் இரண்டும் வீங்கியிருந்தன. அவளுக்குப் பின்னால், சமையலறை மேசையில் வெர்டியானா தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தாள். அவள் முன்னால் காப்பி ஆறிப்போயிருந்தது.

ஆர்தேயா மகனை மேலும் கீழும் பார்த்தாள். அவன் கன்னத்தைத் தொட்டாள். ஹெல்மெட் அழுத்திய தடம் அங்கே இன்னும் சிவப்பாக இருந்தது.

"நீ ஓட்டினதைப் பாத்தேன்டா" என்றாள். "நல்லா ஓட்டின."

பிறகு நகர்ந்து வழிவிட்டாள்.

"இவகிட்ட ரெண்டு மணி நேரமாக் கேக்கறேன். 'அன்னிக்கு என்ன நடந்துச்சுன்னு உன் பிள்ளை உன்கிட்டயாவது சொன்னானா'ன்னு. சொன்னான்னு தலையாட்டுறா. என்னன்னு கேட்டா, 'உன் பிள்ளைகிட்ட கேளு'ங்கறா." அவள் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள். "வா, உக்காரு. இவ முன்னாடியே சொல்லு."

லெயார்கோ உள்ளே வந்தான். உட்காராமல், நின்றபடியே சொல்ல ஆரம்பித்தான்.